அத்தை லைட்டு

மார்ச் 4, செவ்வாய்

புத்தாண்டுக்கு ஆபீசில் கொடுத்த டைரி. இரண்டு மாதமாக பீரோ மேல் சும்மா கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிரிக்கிற சூரியன் படம் போட்டு ‘வெயில் இலவசம்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். இன்று எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டு மாடியில் சோலார் போட ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஊழியர்களுக்கு அசல் விலையில் தருகிறார்கள், சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள்.

இந்தச் சோலார் கம்பெனியில் எனக்குப் போன் வேலை. கரண்டு பில் அதிகம் வருகிறது என்று கூப்பிடுகிறவர்களிடம் எந்தச் சாமான் எவ்வளவு இழுக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். நேரில் நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. போனில் முகம் தெரியாது, அதனால் பேசிவிடுகிறேன்.

இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன்.

“நமக்கு எதுக்குத்தா அதெல்லாம். வார பில்லக் கட்டிட்டுப் போவோம்” என்றார்.

“ஐந்நூறு யூனிட்டத் தாண்டிருச்சுப்பா. தாண்டினா ரேட்டே மாறிரும்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா குழம்புச் சட்டியைப் பார்த்தாள்.

“வெயில் காலம்லா, ஃபேன் ஓடுது” என்றாள் அம்மா.

ஜனவரியிலும் பிப்ரவரியிலும் என்ன வெயில் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

வீட்டுச் சாமான்களை எழுதிக் கணக்குப் போட்டேன். மூன்று ஃபேன், டியூப் லைட்டுகள், டிவி, ஃபிரிட்ஜ், மிக்சி, தண்ணீர் மோட்டார். எப்படிக் கூட்டினாலும் முந்நூற்றைம்பதைத் தாண்டவில்லை. பில்லில் ஐந்நூற்று நாற்பது.

மதுரைக்காரர், திருச்சிக்காரர் வீட்டு யூனிட் எங்கே போகிறது என்று நான் சொல்கிறேன். என் வீட்டு யூனிட் எங்கே போகிறது என்று தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அப்பாவும் அம்மாவும் எட்டயபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். போனில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிற சோதனையை எங்கள் வீட்டில் செய்தேன். எல்லா ஸ்விட்சையும் அணைத்து, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டரைப் பார்க்க வேண்டும். எதுவும் ஓடாதபோது சிவப்பு விளக்கு சிமிட்டக் கூடாது.

சிமிட்டியது. அவசர அவசரமாகச் சிமிட்டியது.

மெயினை இறக்கினேன். பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து புஷ்பம் அத்தையின் குரல் வந்தது. “ஏட்டி பேச்சி, மெயினு விழுந்துருச்சா பாரு.”

பேச்சி என்பது என் அம்மா. நான் பதில் சொல்லாமல் மெயினை ஏற்றினேன். கிரைண்டர் மறுபடி ஓடத் தொடங்கியது. “ஆங், வந்துட்டு” என்றார் அத்தை.

திருடுகிறவர் இவ்வளவு சாதாரணமாகக் கேட்பாரா என்று தோன்றியது. பழகிப்போனால் கேட்பார்கள் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 10, திங்கள்

காலையில் துணி காயப்போடுகிற சாக்கில் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மெயின் பெட்டிக்குப் பின்னால் ஒரு கறுப்பு ஒயர் கிளம்பி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, சுவரைத் தாண்டி அத்தை வீட்டு ஓட்டுச் சந்துக்குள் போகிறது. பழைய ஒயர். பல இடத்தில் டேப் சுற்றியிருக்கிறது. நடுவில் ஓரிடத்தில் வெளுத்துப்போன சிவப்பு ரிப்பன் ஒன்று முடிச்சுப் போட்டிருக்கிறது. எதற்கென்று தெரியவில்லை.

அத்தையைப் பற்றி எழுத வேண்டும். மரியபுஷ்பம் என்பது முழுப்பெயர். எங்களுக்குச் சொந்தமில்லை, கூப்பிடுவது அத்தை. மாமா இறந்த பிறகு, வீட்டுப் பங்குச் சண்டையில் மாமாவின் தம்பி தன் பேரில் இருந்த கரண்டு இணைப்பை எழுதிக்கொடுத்து ரத்து செய்துவிட்டார். அப்போது நான் கடைசி வருடம், காலேஜ் ஹாஸ்டலில் இருந்தேன். லீவுக்கு வந்தபோது அத்தை வீட்டில் விளக்கு எரிந்தது. புது இணைப்பு வாங்கிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். அத்தை இட்லி மாவு அரைத்து விற்கிறார். கிரைண்டர், மாவு வைக்க ஒரு பழைய ஃபிரிட்ஜ், ஒரு ஃபேன், விளக்கு. ஐந்நூற்று நாற்பதில் குறைகிற கணக்கு இங்கே சரியாகப் பொருந்துகிறது.

அப்பாவிடம் சொன்னால் சண்டைக்குப் போவார். அதனால் சொல்லவில்லை.

(அப்பா யாரிடமும் சண்டைக்குப் போய் நான் பார்த்ததில்லை.)

மார்ச் 17, திங்கள்

மாடியை அளக்க சைட் இன்ஜினியர் பிரேம் சார் வர வேண்டும். அப்பாவிடம் எந்த நாள் வசதி என்று கேட்டேன்.

“சனிக்கிழம வரச்சொல்லுத்தா. அதுக்குள்ள மாடியில எனக்குக் கொஞ்சம் வேல கெடக்கு.”

மாடியில் என்ன வேலை? ஒரு தொட்டியும் துணிக்கொடியும்தான் இருக்கின்றன.

பிரேம் சாரிடம் வியாழக்கிழமை என்று சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை அம்மா தீப்பெட்டி ஆபீசில் இருப்பாள், அப்பா லோடு ஆட்டோவோடு சாத்தூர்ப் பக்கம் போவார். சார் வரும்போது வீடு நெரிசலில்லாமல் இருந்தால் அளக்க வசதி.

ஒயர் விஷயத்தை நேரில் சொல்ல வாய் வரவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினேன். ‘சார், பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கள் லைனில் இழுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.’ நியாயமாக இருக்கட்டும் என்று ‘நினைக்கிறேன்’ போட்டேன்.

கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் பதிலாக வந்தது.

மார்ச் 20, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பிரேம் சார் பதினோரு மணிக்கு வந்தார். மாடியை அளந்தார். நிழல் விழாத நல்ல மாடி என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு “எங்க அந்த லைன்?” என்றார். கையால் காட்டினேன். அவர் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, “யாரு வீட்டுக்குப் போகுது இந்த ஒயரு? கரண்டு திருடுனா கேஸ் ஆகும் தெரியும்லா?” என்றார்.

நான் மெதுவாகச் சொல்லச் சொல்லியிருக்கவில்லை. சத்தமாகச் சொல்லவும் சொல்லவில்லை. எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

புஷ்பம் அத்தை முற்றத்துக்கு வந்தார். முழங்கை வரை மாவு. மாவு வாங்க வந்த இரண்டு பேர் தூக்குவாளியோடு அவருக்குப் பின்னால் நின்றார்கள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அத்தை முதலில் பிரேம் சாரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார் போல. நான் தொட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இது யாரு குடுத்த லைனும்மா?” என்றார் பிரேம் சார். “இவங்க குடுத்திருந்தா இவங்க அப்ளிகேஷனும் நிக்கும், பாத்துக்கோங்க.”

அத்தை கையிலிருந்த மாவை முந்தானையில் துடைத்தார்.

“யாரும் குடுக்கல சார். நாந்தான் கேக்காம எடுத்துட்டேன்.”

பிரேம் சார் மெயினை இறக்கி, கட்டிங் பிளையரால் வெட்டினார். சுவர் மேலிருந்து ஒயர் அந்தப் பக்கம் சரிந்து விழுந்தது. தூக்குவாளிக்காரர்களில் ஒருவர், “அப்ப மாவு இல்லையாக்கா?” என்று கேட்டார்.

பிரேம் சாருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். இனி பில் பாதியாகிவிடும் என்றார்.

மார்ச் 20, இரவு

அம்மா வேலை முடிந்து தெருவில் வரும்போதே யாரோ சொல்லியிருக்கிறார்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக மாடிக்குப் போனாள். இறங்கி வந்து என் முன்னால் நின்றாள்.

“நீதான் காட்டிக் குடுத்தியா?”

“திருட்டும்மா அது.”

அம்மா என்னை அடித்து வருடக்கணக்காகிறது. இன்றும் அடிக்கவில்லை. “அந்த ஒயரு எதுன்னு உங்கப்பாட்ட கேளு” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

அப்பாவிடம் கேட்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

 அப்பா காலையிலேயே, வெட்டின ஒயரைச் சுருட்டி ஆணியில் மாட்டினார்.

மார்ச் 22, சனி

பக்கத்து வீட்டுச் சாக்கடையில் புளித்த மாவு ஓடுகிறது. நேற்றைக்கு முந்தின நாள் அரைத்ததாக இருக்கும். ஃபிரிட்ஜ் இல்லாமல் இந்த வெயிலில் ஒரு நாள் தாங்காது. ஜன்னலைச் சாத்தினாலும் வாசனை வருகிறது.

மார்ச் 23, ஞாயிறு

அப்பாவே சொன்னார். நான் கேட்காமலேயே, ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“நீ பொறந்து அஞ்சாப்பு படிக்கிற வரைக்கும் நம்ம வீட்டுக்கு கரண்டு கெடையாது. எடத்துக்குப் பட்டா இல்லன்னு இழுத்துக்கிட்டே கெடந்துச்சு. புஷ்பம் வீட்டுக்காரருதான் ஒயரு வாங்கியாந்து ஒத்த பல்பு போட்டுவிட்டாரு. அவுகளுக்கு சுச்சு போட்டாத்தான் நமக்கு வெளிச்சம்.”

“அந்த ஒயரா இது?”

“அதேதான். அவுகளுக்குக் கரண்டு போனதும் நான் திருப்பிப் போட்டேன். அங்கன இருந்து வந்தது இங்கன இருந்து போவுது. அம்புட்டுதான்.”

“எங்கிட்ட ஏன் சொல்லலப்பா?”

“நீ கரண்டு ஆபீசு மாதிரி வேலைக்குப் போற பிள்ள. தப்புன்னு சொல்லுவ. தப்புதான். தெரியும். சனிக்கிழம காலையில கழட்டி வச்சிட்டு, அவரு போனப்புறம் மாட்டிரலாம்னு இருந்தேன். புஷ்பத்துட்டயும் சொல்லிட்டேன்.” துணியைப் பிழிந்தார். “நீ வியாழக்கிழமயே கூட்டியாந்துட்ட.”

ஏன் வியாழக்கிழமை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நெரிசலில்லாமல் இருக்கும் என்று சொல்லியிருப்பேன். அது பொய். ஆபீசிலிருந்து யார் வந்தாலும் அப்பா மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு, வாசலுக்கு வெளியிலேயே நின்று, ‘வாங்கய்யா’ என்பார். பிரேம் சார் அதைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். வேறு காரணம் இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

அப்போதெல்லாம் எங்கள் வீட்டு விளக்குக்கு ஸ்விட்ச் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “செம்பா படிச்சிட்டாளா, அணைக்கவா?” என்று குரல் வரும். “இன்னும் ரெண்டு கணக்கு அத்தே” என்று கத்துவேன். விளக்கு எரியும். அந்தப் பல்புக்கு ‘அத்தை லைட்டு’ என்று பெயர் வைத்திருந்தேன்.

இது அப்பா சொல்லி நினைவுக்கு வந்ததல்ல.

அந்தச் சிவப்பு ரிப்பன் என் பள்ளிக்கூட ரிப்பன். அப்போது ஒயர் முற்றத்தில் தாழ்வாகத் தொங்கும். யார் தலையிலும் தட்டக் கூடாது என்று அம்மா என் சடையிலிருந்து அவிழ்த்து அதில் கட்டினாள். பத்தாம் தேதி மாடியில் அதைப் பார்த்தேன். பார்த்ததும் தெரிந்தது. ‘எதற்கென்று தெரியவில்லை’ என்று இந்த டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். யாரும் படிக்காத டைரியில்.

ஏப்ரல் 2, புதன்

அத்தை வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு. பகலில் கல் உரலில் மாவாட்டுகிறார். பத்துப் படி போட்டவர் இப்போது இரண்டு படி போடுகிறார் என்று அம்மா சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை, அப்பாவிடம் சொன்னாள்.

அப்பா மறுபடி ஒயரை மாட்டுகிறேன் என்று போனாராம். அத்தை வேண்டாம் என்றாராம். “செம்பா பிளேட்டு போட்டு முடிக்கட்டும் அண்ணாச்சி. வம்பு வேண்டாம்.”

ஏப்ரல் 5, சனி

அத்தை வீட்டுக்குப் போனேன். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க” என்றார்.

இத்தனை வருடத்தில் என்னை அவர் ‘வாங்க’ என்றதில்லை. உட்கார நாற்காலி எடுத்துப் போட்டார். அதைத் துடைத்தும் விட்டார்.  ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஒரு வரியும் வரவில்லை.

“அத்தே, அன்னைக்கி நான்...”

“அது கெடக்கட்டும்மா. நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே கழட்டிருப்பேன். அவ்வளவுதான்.” மறுபடி முறத்தைத் தட்டினார். “காபி குடிக்கிறீங்களா? பால் இல்ல, வரக்காபிதான்.”

குடித்தேன். இனிப்பு அதிகம். சின்னப் பிள்ளையில் நான் கேட்கிற அளவு.

ஏப்ரல் 11, வெள்ளி

மாடியில் பேனல் ஏற்றினார்கள். தெரு நின்று பார்த்தது. அத்தை வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

ஏப்ரல் 24, வியாழன்

புது மீட்டர் மாட்டிவிட்டார்கள். நமக்கு மிஞ்சுகிற கரண்டு வெளியே போவதையும் அது எண்ணுமாம். அப்பாவுக்கு விளக்கினேன்.

“அப்ப மிஞ்சுறது எங்கயோ போவுது?”

“ஆமாப்பா.”

“யாருக்குப் போவுது?”

“லைனுக்குப் போகும். பக்கத்துல யாரு உபயோகிக்கிறாங்களோ அவங்களுக்கு.”

அப்பா பக்கத்து வீட்டு ஓட்டைப் பார்த்தார்.

ஜூலை 8, செவ்வாய்

பில் வந்தது. நூற்றுப் பதினெட்டு யூனிட்.

ஆபீசில் மேனேஜர் தனசேகர் சார் கைதட்டினார். “ஐந்நூத்தி நாப்பதுல இருந்து நூத்திப் பதினெட்டு. நம்ம ஸ்டாஃப் வீட்லயே நடந்திருக்கு. இதவிட விளம்பரம் வேணுமா?” வருகிற வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் வாடிக்கையாளர் கூட்டம் நடக்கிறது. நான் மேடையில் நின்று இரண்டு பில்லையும் காட்டிப் பேச வேண்டுமாம்.

பேச வராது சார் என்றேன். படித்தால் போதும் என்றார்.

இந்தக் குறைவில் வெயிலின் பங்கு பாதிதான். மீதி, ஒரு வீடு இருட்டானதில் வந்தது. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஜூலை 9, புதன்

இன்றைக்கே போனில் ஒருவர் கேட்டார். “உங்க வீட்டுல எவ்வளவு கொறஞ்சுச்சு மேடம்?” நானூறு என்றேன். போனை வைத்தேன். திரும்பக் கூப்பிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டேன், இருநூற்றுச் சொச்சம்தான் என்றேன். “பரவால்ல மேடம், அதுவே அதிகம்லா” என்றார். எவ்வளவு சுலபமாக இருந்தது. முகம் தெரியாததால்.

ஜூலை 15, செவ்வாய்

மண்டபம். நூறு பேருக்கு மேல். மைக் என் உயரத்துக்கு இறக்கப்படவில்லை. யாரும் இறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. எட்டிப் பேசினேன்.

பழைய பில்லைக் காட்டினார்கள். ஐந்நூற்று நாற்பது. புது பில்லைக் காட்டினார்கள். கை தட்டினார்கள்.

“இந்தப் பழைய பில்லுல நூத்தித் தொண்ணூறு யூனிட்டு எங்க வீட்டுது இல்ல” என்றேன். என் குரல் ஸ்பீக்கரில் வேறு யாருடையதோ மாதிரி வந்தது. “அது பக்கத்து வீட்டு அத்தையோடது. நாங்கதான் குடுத்தோம். அவங்க திருடல. அத கழிச்சிட்டுத்தான் சோலார் கணக்கு பாக்கணும்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிரேம் சார் தரையைப் பார்த்தார். தனசேகர் சார் மைக்கை வாங்கி, “நம்ம ஊழியர் எவ்வளவு நேர்மைன்னு பாருங்க” என்று சொல்லி மறுபடி கைதட்ட வைத்தார். அந்தக் கைதட்டல்தான் இன்று மிகவும் கேவலமாக இருந்தது. நேர்மையாக இருக்க வேண்டிய இடம் மாடி. கேட்டிருக்க வேண்டிய ஆள் அங்கே முழங்கை வரை மாவோடு நின்றார்.

ஜூலை 16, புதன்

ஆபீசில் என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மேடைக்கு இனிக் கூப்பிடமாட்டார்கள். நல்லது.

ஜூலை 20, ஞாயிறு

வெயில் ஏறி பேனல் நன்றாகக் கொடுக்கிற நேரம் பத்திலிருந்து மூன்று வரை. வாடிக்கையாளர்களிடம் தினமும் சொல்வதுதான். மாவாட்டுகிறதை மத்தியானத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பில் ஏறாது.

பத்து மணிக்கு அத்தை வீட்டுக்குப் போனேன். தெருவில் ஆட்கள் இருந்தார்கள். எதிர்வீட்டு அக்கா கோலப்பொடி வாங்கிக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில்தான் போக வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

“அத்தே, கிரைண்டர எங்க வீட்ல வச்சு ஆட்டுங்க. ஃபிரிட்ஜுலயும் எடம் பண்ணிருக்கேன்.”

“வேண்டாம்மா.”

“ஒயரு இல்ல அத்தே. எங்க வீட்டுக்குள்ள, எங்க பிளக்குல. யாரும் ஒண்ணும் கேக்க முடியாது.”

“உங்க ஆபீசுக்காரரு வந்தா?”

“நான் பதில் சொல்றேன்.”

அத்தை என் முகத்தைப் பார்த்தார். “நீங்க சொல்லுவீங்களா?” என்றார். கேலியா கேள்வியா என்று தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம். எனக்குச் சேர வேண்டியதுதான்.

நான் உள்ளே போய்க் கிரைண்டரைத் தூக்கினேன். கல்லோடு தூக்கிவிட்டேன், அவ்வளவு கனம் என்று தெரியாது. வாசல்படியில் தள்ளாடினேன். எதிர்வீட்டு அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். “என்ன செம்பா, கிரைண்டரயும் பிடுங்கிட்டுப் போறியா?” என்றார்.

“எங்க வீட்டுல மாவாட்டப் போறாங்கக்கா” என்றேன். தெருவில் என் குரலை நானே கேட்டது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பின்னாலேயே அத்தை ஊறின அரிசியோடு வந்தார்.

ஜூலை 29, செவ்வாய்

அத்தைக்குப் புது இணைப்புக்கு விண்ணப்பம் நிரப்பியிருக்கிறேன். மாமாவின் தம்பி கையெழுத்து வேண்டும். அப்பா இரண்டு முறை போய் வந்துவிட்டார். இன்னும் போடவில்லை. மறுபடி போவதாகச் சொல்கிறார். அடுத்த முறை நானும் போகிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மத்தியானம். வெளியே காற்று புழுதியை வாரிக்கொண்டிருந்தது. அடுக்களையில் கிரைண்டர் ஓடியது. அம்மாவும் அத்தையும் ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அத்தை இருக்கும்போது நான் அடுக்களைப் பக்கம் அதிகம் போவதில்லை. போனால் இன்னும் ‘நீங்க’ என்கிறார்.

கிரைண்டர் நின்றது. ஃபேனும் நின்றது. தெருவில் கரண்டு போனால் பேனலும் நின்றுவிடும், லைனில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஆபத்து வரக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். இதை ஆபீசில் தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறேன்.

“மேல அம்புட்டு பிளேட்ட வச்சிருக்கீக, இதுக்கு என்னத்துக்கு நிக்கிது?” என்று அத்தை அம்மாவிடம் கேட்டது காதில் விழுந்தது. அப்புறம், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிற அதே குரலில்,

“ஏட்டி செம்பா, மெயினு விழுந்துருச்சா பாரு.”

விழவில்லை. ஊருக்கே போயிருந்தது. எனக்குத் தெரியும். ஆனாலும் துணியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன்.